நான் கத்தினால் அப்பாவுக்கு நோய் ஏறுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கன்னத்தின் உள்பக்கம் கேன்சர் என்று ஆபரேஷன் செய்து, இப்போது கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கிறார்கள். கூடவே வாரம் ஒரு கீமோ. மூன்றாவது வாரம் ஓடுகிறது. வாய் முழுக்கப் புண். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. 'சாப்பிடுங்கப்பா, சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும்' என்று கெஞ்சிப் பார்த்தேன். போன வாரம் பொறுமை போய், 'போயிலை போடாதீங்கன்னு முப்பது வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டோமே, கேட்டீங்களா?' என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. 'என்னை விட்டுருங்க, போதும்' என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். பெங்களூரில் இருக்கும் தம்பி தினமும் போன் செய்து, 'அப்பாவை பாசிட்டிவா வச்சுக்கோக்கா' என்கிறான். அத்தையோ, 'நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா அவருக்கு வியாதி ஏறிடும்' என்கிறார். நான் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். இப்போது சம்பளமில்லாத லீவு. இரண்டு பிள்ளைகள். நான் கோபப்பட்டதால் அப்பாவுக்கு நோய் அதிகமாகுமா? அன்பாக நடந்துகொண்டால் குணமாகுமா?

— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தை சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் கத்தியதால் நோய் ஏறாது. புற்றுநோய் அணுக்களுக்கு உங்கள் வீட்டுச் சண்டை கேட்காது. இதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த 1,093 பேரை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பதும் அந்த வகைதான். சிகிச்சையின் தொடக்கத்தில் யார் மனத்தெம்போடு இருந்தார், யார் துவண்டிருந்தார் என்று அளந்துவிட்டு, பிறகு யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. சிரித்த முகமாக இருந்தவர்கள் கூடுதலாகவும் வாழவில்லை, அழுதவர்கள் சீக்கிரமாகப் போகவும் இல்லை.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை உலகெங்கும் பரவ ஒரு காரணம் உண்டு. 1989-இல், மார்பகப் புற்றுநோய் முற்றிய 86 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாக முடிவு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2001-இல் கனடாவில் 235 பெண்களோடு அதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் பேசிய பெண்களுக்கு மனத்துயரமும் வலியும் குறைந்திருந்தன. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'தைரியமா இருந்தா பாதி வியாதி போயிடும்' என்பது வேறு பேச்சு. அதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. நாளைக்கு நோய் திரும்பினால், தைரியமாக இல்லாதது அவர் குற்றமாகிவிடும், தைரியமாக வைத்துக்கொள்ளாதது உங்கள் குற்றமாகிவிடும். அத்தைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். காதில் வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சரி, கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'என்னை விட்டுருங்க, போதும்' என்று அப்பா சொன்னதாக, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது வலி தாங்காமல் வந்த சலிப்பாக இருக்கலாம். இந்தச் சிகிச்சையின் நடுவில் நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள். ஆனால் வாய், தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களிடம் மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் மற்ற பல புற்றுநோய்களைவிட அதிகம். முகம் மாறிப்போகிறது, பேச்சு போகிறது, சாப்பாடு போகிறது. அதனால் ஊகித்துக்கொண்டிருக்காமல் நேராகக் கேளுங்கள்: 'போதும்னு சொன்னீங்களேப்பா, ட்ரீட்மென்ட் போதும்னு சொன்னீங்களா, உயிரோட இருந்தது போதும்னு தோணுதா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. கேட்க ஓர் ஆள் வந்தது பலருக்குப் பெரிய நிம்மதி. இரண்டாவது பதில் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரங்கெட்ட நேரமானால் அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. தமிழிலேயே பேசலாம். முதல் பதில் வந்தால், வலிக்குச் சரியான மருந்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருகிறேன்.

'நான் எப்படி நடந்துகொண்டாலும் ஒன்றுதானா?' என்று இப்போது கேட்பீர்கள். இல்லை. உங்கள் பரிவு அவருடைய சிகிச்சையைத் தொடுகிறது. ஆனால் அத்தை நினைக்கும் வழியில் இல்லை.

அப்பாவுக்கு நடக்கும் கரண்ட், பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு, ஆறரை வாரம் போகும். இதில் நாள் விடக் கூடாது. இடையில் நிறுத்தினால் தப்பிப் பிழைத்த புற்றணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்கிவிடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோயைக் கட்டுக்குள் வைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைவதாக ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. எதனால் நாள் விட்டுப்போகிறது? வாய்ப்புண் தாங்காமல், சாப்பாடு இறங்காமல், மயங்கி விழுந்து, காய்ச்சல் வந்து, 'இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போலாம்' என்று. இவை எல்லாம் முதல் நாளே தெரிந்தால் சரிசெய்யக்கூடியவை. தெரியாமல் போவதுதான் சிக்கல். நோயாளி சொல்லமாட்டார். சொன்னால் திட்டு விழும், அல்லது மகள் அழுவாள், அல்லது 'பாசிட்டிவா இருங்கப்பா' என்று தம்பி போனில் பாடம் எடுப்பான். எதற்கு வம்பு என்று 'ம்' போட்டுவிடுவார்.

என் வேலையில் அதிகம் கேட்கும் சத்தம் அந்த 'ம்'தான். 'சாப்பிட்டீங்களா?' 'ம்.' 'மாத்திரை போட்டீங்களா?' 'ம்.' 'பரவாயில்லையா?' 'ம்.' மூன்றுமே பொய்யாக இருக்கும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 766 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017-இல் வந்தது. ஒரு பகுதியினர் தங்களுக்கு வாந்தி, வலி, சோர்வு, மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் அவ்வப்போது குறித்து அனுப்பினார்கள். மோசமானால் நர்சுக்குத் தகவல் போகும், அவர் கூப்பிட்டு விசாரிப்பார். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. எல்லோருக்கும் பரவிய நிலையிலான நோய். குறித்து அனுப்பியவர்கள் சராசரியாக 31 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 26 மாதம். சில விலையுயர்ந்த மருந்துகள்கூட இவ்வளவு தருவதில்லை. உடம்பு படும் பாடு சீக்கிரமாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்யக்கூடியவர் நீங்கள்தான். உங்களிடம் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றினால் மட்டுமே அது நடக்கும்.

வாழ்க்கைத்துணை இருக்கும் நோயாளிகளுக்கு என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013-இல் வந்த கட்டுரை, திருமணமானவர்களுக்கு நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்படுவதும், முழுச் சிகிச்சை கிடைப்பதும் அதிகம், இறப்பு குறைவு என்றது. தாலிக்கு மகிமை என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. 'என்ன இது கட்டி, வாங்க டாக்டரைப் பார்ப்போம்' என்று இழுத்துக்கொண்டு போக வீட்டில் ஓர் ஆள் இருந்திருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு அது நீங்கள். சம்பளத்தை விட்டுவிட்டு தினமும் அவரோடு பஸ் ஏறுகிறீர்களே, அதைவிடப் பெரிய பரிவு கிடையாது. அன்றைக்குக் கத்தியதை மட்டும் நினைத்துக்கொண்டு இதை மறந்துவிடாதீர்கள்.

இனி அவரிடம் எப்படிக் கேட்பது என்று பார்ப்போம். ஒன்று செய்து பாருங்கள். கரண்ட் அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள், உள்ளே அவரை மேஜையில் படுக்கவைத்து, முகத்துக்கென்றே அச்செடுத்த ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடியைப் போட்டு, அதை மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலையை ஒரு நூல் அசைக்க முடியாது. எல்லோரும் வெளியேறி, கதவு சாத்திக்கொள்ளும். சில நிமிடந்தான், ஆனால் எச்சில்கூட விழுங்க முடியாத புண் வாயோடு அப்படிப் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். நிறையப் பேர் இதை வீட்டில் சொல்வதே இல்லை. ஆம்பளை, இதற்கெல்லாம் பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? 'உள்ள மூச்சு முட்டுதாப்பா?' என்று நீங்கள் கேட்டால், அவர் பேச ஒரு வாசல் திறக்கும். முட்டுகிறது என்றால் டெக்னீஷியனிடம் சொல்லலாம், முகமூடியை மாட்டுமுன் ஒரு நிமிடம் நேரம் கொடுப்பார்கள். தேவையானால் பதற்றத்துக்கு டாக்டர் மாத்திரையும் தருவார்.

வலியையும் 'வலிக்குதா?' என்று கேட்டால் 'ம்'தான் வரும். 'ஒரு ரூபாயில எத்தனை பைசா வலி?' என்று கேளுங்கள். முப்பது பைசா என்பவருக்கும் எண்பது பைசா என்பவருக்கும் மருந்து வேறு. பேசுவதே வலி என்பதால் அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வையுங்கள், எழுதிக் காட்டட்டும். அவர் சொல்வதையும் அதே நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எத்தனை பைசா, எவ்வளவு உள்ளே போனது, எடை என்ன, மலம் கழித்தாரா. வாராவாரம் கொடுப்பது சிஸ்பிளாட்டின் மருந்தாக இருந்தால் காதில் இரைச்சல் கேட்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்றும் கேளுங்கள். அவையும் வெளியே சொல்லாமல் விடுகிற சமாச்சாரம்தான். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பதில் வந்ததும் உடனே வழி சொல்லக் குதிக்காதீர்கள். 'வலிக்குது' என்றதும் 'எல்லாம் சரியாயிடும்' என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'அவ்ளோ வலியா இருக்கா' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். நேரம் அதிகம் ஆகாது. இதையே டாக்டர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: 1999-இல் வந்த ஓர் ஆய்வில், டாக்டர் நோயாளியோடு பேசும் காணொளியில் பரிவாக இரண்டொரு வார்த்தை சேர்த்து, சுமார் 40 விநாடி கூட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்த பெண்களுக்குப் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நாற்பது விநாடிதான். நம்மூர் ஓபி கூட்டத்தில் டாக்டருக்கு அதுவும் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அவருக்குப் பசி இல்லாமல் இல்லை, வீம்பும் இல்லை. வாயின் உள்தோல் உரிந்திருக்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பி வற்றிப்போயிருக்கிறது, நாக்கில் ருசி செத்துவிட்டது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ரசம் அவர் வாயில் அமிலமாக எரியும். 'சாப்பிடுங்க' என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக டாக்டரிடம் வாயை மரக்கச் செய்யும் ஜெல் எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் அதைக் கொடுத்து, அப்புறம் தட்டை வையுங்கள். ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு, ஒரு நாளில் பல தடவை கொப்பளிக்கட்டும். புளி, காரம், எலுமிச்சை, சூடு எதுவும் வேண்டாம். கேழ்வரகுக் கூழ், பாசிப்பருப்பு சேர்த்துக் குழைத்த கஞ்சியில் நெய், வேகவைத்து மிக்சியில் அடித்த முட்டையும் பாலும் என்று வழவழப்பாக, ஆறவைத்து, இரண்டு மணிக்கு ஒரு முறை அரை டம்ளர். தட்டு நிறையச் சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் பார்த்ததுமே தோற்றுவிடுவார்.

ஒரே வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் மூக்கு வழியாக டியூப் போடலாமா என்று டாக்டர் கேட்பார். நம் ஊரில் டியூப் என்றால் 'முடிஞ்சுபோச்சு' என்று ஒரு நினைப்பு. அது தவறு. புண் ஆறும்வரை சில வாரத்துக்கு ஒரு மாற்றுப்பாதை, அவ்வளவுதான். எடை மிகவும் குறைந்தால் அந்த வலை முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்தாமல் மறுபடி அளவெடுக்க வேண்டியும் வரும். அதேபோல மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். இந்த வாய்ப்புண் வலிக்கு அது வழக்கமான மருந்து. சொன்ன அளவில் கொடுத்து, புண் ஆறும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டால் போதை அடிமையாவார் என்று கவலைப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். வலிநிவாரணப் பிரிவு என்று உங்கள் மருத்துவமனையில் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது அந்தப் புகையிலைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது பொய் இல்லை. முப்பது வருடம் சொல்லியும் கேட்காதவருக்காக இன்று உங்கள் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் தள்ளாடுகின்றன. கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். பரிவு என்றால் கோபமே இல்லாமல் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அவருக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு முறை அந்த முகமூடியைப் பூட்டும்போதும் அவருக்கே அது நினைவுக்கு வரும். நீங்கள் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் ஆத்திரத்தை என்னிடம் எழுதியதுபோல் வேறு யாரிடமாவது கொட்டிக்கொள்ளுங்கள், தோழியோ, மருத்துவமனையின் சமூகப் பணியாளரோ. அப்பாவிடம் ஒரு தடவை, சுருக்கமாக: 'அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா. பயத்துல வந்துடுச்சு.' அவ்வளவு போதும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம்மூர் அப்பாக்கள் 'பரவாயில்லம்மா' என்று சொல்லமாட்டார்கள், நாளைக்குப் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை உங்களுக்கு விடுவார்கள். இன்னொன்று: சட்டைப் பையில் மறுபடி புகையிலைப் பொட்டலம் கிடைத்தால், கத்துவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அது முப்பது வருடப் பழக்கம், அதை விடவும் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. 'பாசிட்டிவா வச்சுக்கோ' என்பது வேலை இல்லை, உத்தரவு. அவனுக்கு வேலை கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைப் பேப்பர்கள், மருந்துக் கணக்கு, உங்கள் பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் அவன் பொறுப்பில் போகட்டும். ராத்திரி போனில் அப்பாவிடம் நோயைப் பற்றிப் பேசாமல் கிரிக்கெட்டோ ஊர்க்கதையோ பேசட்டும். பதில் பேச வேண்டியதில்லை என்றால் அப்பாவுக்கு அது சுகமாகக்கூட இருக்கும். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் கரண்டுக்கு வராமல், உறவில் யாராவது அழைத்துப்போகட்டும், நீங்கள் தூங்குங்கள். தூக்கமில்லாதவர் பரிவாகப் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடைசி கரண்ட் முடிந்த அன்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், சொந்தக்காரர்கள் 'முடிஞ்சிடுச்சுல்ல' என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வாய்ப்புண் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அப்படியே நிற்கும், அதற்குப் பிறகுதான் ஆறத் தொடங்கும். ருசி திரும்ப மாதக்கணக்காகும். வாய் திறப்பது குறுகாமலிருக்கப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள், ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுவது. அவர் வலிக்குப் பயந்து அதை விட்டுவிடப் பார்ப்பார். அந்தக் கட்டத்தில் நீங்கள் முற்றிலும் களைத்திருப்பீர்கள். எனவே தம்பி லீவு போடுவதாக இருந்தால் இப்போது வேண்டாம், சிகிச்சையின் கடைசி வாரமும் அதற்கு அடுத்த இரண்டு வாரமும் வந்து வீட்டில் இருக்கட்டும். இன்றைக்கே போன் செய்து தேதி குறித்து, லீவு சொல்லச் சொல்லுங்கள்.